பெயர் சொல்லாத ஜெபம்

தங்கரத்தினம் எந்த வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. படியேறி நின்று, குடையை மடக்கி, தொண்டையை ஒருதரம் செருமிவிட்டு, "வீட்டுக்காரர், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமோ?" என்று கேட்பாள். தாகம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது. புதன்கிழமை பிற்பகல் முழுவதும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வீடு வீடாக இப்படித் தண்ணீர் குடித்துக்கொண்டே போவாள். கடைசி வீட்டைத் தாண்டும்போது நடையில் ஒரு தள்ளாட்டம் இருக்கும்.

"வாசலில வந்து நிண்டு தண்ணி கேக்கிறவளுக்கு இல்லையெண்டு சொல்ல எந்தப் பொல்லாத மனுசராலும் ஏலாது. தண்ணியைத் தந்திட்டால், பிறகு இருங்கோ எண்டுதானே சொல்ல வேணும்" என்பாள். இருபது வருஷ ஊழியத்தில் அவள் கண்டுபிடித்த உத்தி இது. சபைப் போதகருக்குக்கூட இதைவிட நல்ல உத்தி ஒன்றும் தெரியாது.

அவள் தமிழ்ச் சபையின் வேதாகம ஊழியக்காரி. ஊரார் வைத்த பெயர் பைபிளம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கிள்ளானில் அவர் மலேரியாவில் போய்ச் சேர்ந்த பிறகு, கப்பலேறி ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே நின்றுகொண்டாள். வெள்ளைச் சேலை, முழங்கை வரை இறங்கிய ரவிக்கை, துணிப்பை. பையில் ஒரு பைபிள், கொஞ்சம் கைப்பிரதிகள், ஒரு போத்தல் ஓமத்திரவம். கைப்பிரதிகளைவிட ஓமத்திரவம்தான் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

அவளிடம் ஒரு வினோதமான ருசி உண்டு. நல்லவர்கள் வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. யாரோடும் ஒத்துப்போகாதவன், அண்டை வீட்டோடு சண்டை போட்டு வேலி கட்டினவன், மருமகளைப் பட்டினி போடுகிறவள், கோவிலுக்கு வந்து சபையாரை ஏசிவிட்டுப் போனவன், இப்படிப்பட்டவர்களின் பெயர் காதில் விழுந்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். ஏன் இப்படி என்று கேட்டால், "நல்ல மனுசரிட்டப் போக நான் எதுக்கு? அவையிட்டப் பூனையும் போகும்" என்பாள்.

மூன்றாம் வீட்டு விநாயகமூர்த்தி இதற்கு உதாரணம். பென்ஷன் வாங்கின ஸ்டேஷன் கிளார்க், பரம சைவர். பைபிளம்மாவின் குடை தெருமுனையில் தெரிந்ததும் உரத்த குரலில் தேவாரம் பாடத் தொடங்குவார். அவள் கேட்டில் நின்று முழுப் பதிகத்தையும் கேட்டுவிட்டு, "அந்தக் கடைசி அடியை இன்னொருக்காச் சொல்லுங்கோ ஐயா, நல்லாயிருக்கு" என்பாள். இப்படி ஆறுமாதம் போயிற்று. அவர் மதம் மாறவில்லை. மாறுவதாகவும் இல்லை. ஆனால் ஒரு புதன்கிழமை அவள் கொஞ்சம் தாமதமானால் கேட்டுக்கு வெளியே வந்து நின்று, "என்ன, இண்டைக்கு இவ்வளவு பிந்திப் போச்சு?" என்று கோபித்துக்கொள்கிறார்.

கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். சபைப் பெண்கள் அதைச் சற்றே மாற்றி, "தங்கரத்தினமக்கா போனால் கல்லும் கரையும்" என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் காதோரத்து நரைமயிரை ஒதுக்கிக்கொண்டு, "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்பாள். கிருபை கர்த்தருடையதுதான். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காக வேகாத வெயிலில் இன்னும் இரண்டு மைல் நடக்க அவள் தயாராக இருந்தாள். அந்தச் சின்ன ருசிதான் பின்னால் வினையாயிற்று.

ரயில்வே யார்டுக்குத் திரும்பும் தெருமுனையில் மாரியாயி என்றொருத்தி காலையில் அப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். ஓரம் முறுகி நடுவே பஞ்சாக இருக்கும் அந்த அப்பத்துக்கு யார்டு ஆட்கள் அத்தனை பேரும் அடிமை. அவள் வாய்க்கு அத்தனை பேரும் பயந்தவர்கள். ஒருவன் அப்பம் கொஞ்சம் பெரிதாக இருக்கக்கூடாதா என்று கேட்டுவிட்டான். "ஒன் வாயி அளவுக்குச் சுடணும்னா சட்டி சீனாவுலேந்துதான் வரணும்" என்றாள். அதன் பிறகு யாரும் அளவு கேட்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் வாங்கிக்கொண்டு போவார்கள். குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றக் குடங்கள் தாமாக நகர்ந்துவிடும்.

அவள் புருஷன் பக்கிரிசாமி தண்டவாள வேலைக்காரன். ஆளைக் காணோமே என்று விசாரித்தவர்களுக்கு, "இந்தியாவுக்குப் போயிருக்காரு. அதுல ஒங்களுக்கு என்னா சோலி?" என்று பதில் கிடைத்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீடு பூட்டியிருக்கும். கேட்டால், கிள்ளானில் தங்கச்சி வீடு.

மாரியாயியின் பெயரைச் சபையில் யாரோ தங்கரத்தினத்தின் காதில் போட்டார்கள். அடுத்த புதன்கிழமையே அவள் அந்தப் படியில் ஏறி நின்று தண்ணீர் கேட்டாள். மாரியாயி அப்பச்சட்டி கழுவிய தண்ணீரைப் படியில் வீசி ஊற்றினாள். சேலை முழங்கால் வரை நனைந்துபோயிற்று.

"குடிக்கத்தான் கேட்டன், பிள்ளை. நீ குளிக்கவே வார்த்துப்போட்டாய்" என்றாள் தங்கரத்தினம்.

கதவு படாரென்று மூடிக்கொண்டது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டதாக அவள் சாதிப்பாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ புதன்கிழமைகள். ஏச்சு வாங்கினாள், ஒருதரம் விளக்குமாற்றையும் பார்த்தாள். பிறகு மாரியாயி காய்ச்சலில் விழுந்தபோது, கதவைத் தாழிடக்கூட எழுந்திருக்க முடியாமல் கிடந்த நேரத்தில், தங்கரத்தினம் உள்ளே போய்க் கஞ்சி வைத்தாள். ஓமத்திரவம் கொடுத்து, ஓர் இரவு முழுவதும் கால் அமுக்கிவிட்டாள். காய்ச்சல் விட்டதும் மாரியாயி ஒரு நிபந்தனையோடு பாயை விரித்துப் போட்டாள். "வந்து ஒக்காரு. பைபிளு மட்டும் பையிலயே கெடக்கட்டும்."

அது பையிலேயே கிடந்தது. அந்த வீட்டில் தங்கரத்தினம் ஒரு வசனம் வாசித்ததில்லை. மாரியாயி அரிசி களைவாள், இவள் தேங்காய் துருவுவாள். துருவும்போது இவளைப் போல ஓட்டோடு சேர்த்துத் துருவுகிறவளை உலகத்தில் பார்த்ததில்லை என்று மாரியாயி ஏசுவாள். தன் ஊழியத்திலேயே சந்தோஷமான பிற்பகல்கள் அவைதாம் என்று தங்கரத்தினம் இன்றைக்கும் நினைக்கிறாள்.

அப்படியொரு நாள் நல்ல மழை. மாரியாயி களைந்த அரிசியில் கையை வைத்தபடியே சொன்னாள். "அவரு ஊருக்குப் போவல, பைபிளம்மா. சுங்கை பூலோவுல இருக்காரு."

சுங்கை பூலோவில் பெருவியாதி என்னும் தொழுநோய் கண்டவர்களுக்கென்று அரசாங்கம் குடியிருப்புக் கட்டி அப்போது சில வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும், வேறு விளக்கம் தேவைப்படாது. காது மடல் தடித்ததும், விரலில் நெருப்புப் பட்டது தெரியாமல் போனதும், ரயில்வே டாக்டர் பார்த்துவிட்டு அன்றைக்கே வண்டியில் ஏற்றியதும் ஒவ்வொன்றாக வந்தன. மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தது தங்கச்சியை அல்ல.

"கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவரு. என்னையும் ஊசி குத்திப் பாத்துட்டாங்க, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா தெரிஞ்சா ஒருத்தன் எங்கையால அப்பம் வாங்கித் திம்பானா? நான் நல்லா பேசுனா நாலு பேரு பக்கத்துல வந்து ஒக்காருவாங்க. ஒக்காந்தா ஒம்புருசன் எங்கடின்னு கேப்பாங்க. அதான் ஒருத்தரையும் ஒக்கார வுடுறதில்ல."

தங்கரத்தினம் தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்ர வாயிலயிருந்து இது வெளியில போகாது, பிள்ளை" என்றாள். மனமறிந்துதான் சொன்னாள். அதில் பொய் ஒரு துளி இல்லை.

வெள்ளிக்கிழமை மாதர் ஜெபக்கூட்டம். தலைமைக் கிராணியாரின் மனைவி நேசம்மா வீட்டு முன்கூடத்தில், ஜமக்காளம் விரித்து நடக்கும். முதலில் ஒவ்வொருத்தியும் தன் குறையைச் சொல்ல வேண்டும். பிறகு முழங்காலில் நின்று, கண்ணை மூடி, ஒருவர் பின் ஒருவராக ஜெபிக்க வேண்டும். குறை சொல்லும் முறை வந்தபோது தங்கரத்தினம் ஜாக்கிரதையாக இருந்தாள். "எனக்கு ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டாள்.

ஜெபத்தில்தான் வழுக்கியது. ஜெபிப்பதில் அவளை மிஞ்ச அந்தச் சபையில் ஆளில்லை. தொடங்கினால் கண்ணீரும் வார்த்தையும் ஒன்றாகப் பெருகும். கூட இருக்கிறவர்களும் விம்முவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் பெருகியது. "எங்கள் மாரியாயியை நினைத்தருளும் ஆண்டவரே! கல்லாயிருந்த அவளுடைய இருதயத்தை இளகப்பண்ணினீரே, ஸ்தோத்திரம்! சுங்கை பூலோவிலே பெருவியாதியோடே கிடக்கிற அவள் புருஷன் பக்கிரிசாமியை உம்முடைய கரத்தாலே தொட்டருளும்!"

ஆண்டவரிடம்தான் பேசினாள். அந்த நேரத்தில் வேறு யாரும் அங்கே இருப்பதாகவே அவளுக்கு நினைவில்லை. கண்ணை மூடினால் காதும் மூடிக்கொள்ளுமா, என்ன? வழக்கமாக இரைந்து வரும் ஆமென் அன்றைக்குத் தயங்கித் தயங்கி வந்தது. கண்ணைத் திறந்தபோது எல்லார் முகமும் அவள் பக்கம் திரும்பியிருந்தது. நேசம்மா மெல்லக் கேட்டாள்: "ஆர் அக்கா, எங்கட அப்பக்காரியோ?"

அந்தப் பெண்களைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. யாரும் வம்புக்குச் சொல்லவில்லை. ஒருத்தி தன் பிள்ளைகளுக்குப் பயந்து சொன்னாள், இன்னொருத்தி அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்காகச் சொன்னாள். சொன்ன எல்லாரும் "பாவம், நீங்களும் ஜெபிச்சுக்கொள்ளுங்கோ" என்று சேர்த்துத்தான் சொன்னார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. ஒரு வாரத்தில் யார்டு ஆட்கள் தெருவின் எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கினார்கள். அடுத்த வாரம் மாரியாயி புளித்துப் பொங்கின மாவைச் சட்டியோடு தூக்கிப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது வேறொருத்தி.

தங்கரத்தினம் பதறிப்போனாள். வீடு வீடாகப் போய், "அவளை டாக்டர் சோதிச்சாச்சு, அவளுக்கு ஒண்டுமில்லை" என்று விளக்கம் சொன்னாள். கேள்விப்படாமல் இருந்த இரண்டொரு வீடும் அதனால் கேள்விப்பட்டது. ஒரு காலை யார்டு முனையில் எல்லாரும் பார்க்க நின்றுகொண்டே இரண்டு அப்பம் தின்றாள். யாழ்ப்பாணத்துக் கிராணி வீட்டுப் பெண் தெருவில் நின்று தின்றதைத்தான் ஊர் பேசியதே தவிர, அப்பம் விற்கவில்லை.

அன்றைக்கு மாரியாயி அப்பத்தை இலையில் வைத்து, முன்பின் தெரியாதவளுக்குக் கொடுப்பதுபோல நீட்டினாள். ஊரையெல்லாம் கிழித்த அந்த நாக்கு ஒருதரம், ஒரே ஒருதரம், தன்னைத் திட்டியிருந்தால் காலில் விழுந்து அழுதிருக்கலாம் என்று தங்கரத்தினம் ஏங்கினாள். திட்டு வரவில்லை. சீக்கிரத்தில் அப்பக்கடையும் இல்லாமல் போயிற்று. மாரியாயி கட்டட வேலைக்குச் செங்கல் சுமக்கப் போனாள். அங்கே சாப்பாட்டுப் பொருளைத் தொடுகிற வேலை இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை.

தங்கரத்தினம் போதகரிடம் போய்ச் சொன்னாள். போதகர் நல்ல மனிதர், ஆறுதல் சொன்னார். "தெரியாமல் நடந்தது அம்மா. உங்கள் இருதயம் ஆண்டவருக்குத் தெரியும்."

"தெரியும் ஐயா. அதுதான் பயமாயிருக்கு" என்றாள்.

அந்த ஜெபத்தை அவள் எத்தனையோ தரம் மனத்துக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டாள். மாரியாயி என்ற இடத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்ததோ? கல்லாயிருந்த இருதயம் என்ற பேச்சு எதற்கு? ஆண்டவர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் ஊர்ப் பெயர் எதற்கு, புருஷன் பெயர் எதற்கு? சுங்கை பூலோ எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. அவள் வாய்விட்டு இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் இப்போது யாராவது, "அக்கா போனால் கல்லும் கரையும்" என்று தொடங்கினால், குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறாள்.

புதன்கிழமைகளில் பொழுது சாய்ந்ததும் அந்தப் படியில் போய் நிற்பதை மட்டும் விடவில்லை. தண்ணீர் கேட்கத் துணிவில்லை. சும்மா நிற்பாள். உள்ளே விளக்கு எரியும், பாத்திரச் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவாள். மழைக்காலமும் போயிற்று, கிறிஸ்துமஸும் போயிற்று. உயிர்த்தெழுந்த பண்டிகைக்குச் சில நாள் இருக்கையில் கதவு திறந்தது.

மாரியாயியின் தலைமயிரெல்லாம் செங்கல் தூள். "தண்ணி கேக்காத" என்றாள்.

"கேக்க வரேல்லை, பிள்ளை. என்னை மன்னிச்சுக்கொள்."

"மன்னிக்கிறதெல்லாம் ஒங்க கோயில்ல வச்சுக்க. நான் ஒண்ணு கேக்கறேன், செய்வியா?"

"சொல்லு, என்னெண்டாலும் செய்யிறன்." கிடைத்ததே வழி என்று தங்கரத்தினம் ஒரு படி மேலே ஏறினாள்.

"ஒஞ்சாமிகிட்ட எம்பேரச் சொல்லாத. எம்புருசன் பேரயும் சொல்லாத. கோயில்லயும் வேணாம், ஒன் வூட்டுலயும் வேணாம், வாய்க்குள்ள முணுமுணுக்கவும் வேணாம். எங்கள வுட்டுரு."

"ஓம், சொல்லமாட்டன்" என்றாள் தங்கரத்தினம். கதவு சாத்திக்கொண்டது. ஏசினால்கூடத் தேவலை என்று மாதக்கணக்காகக் காத்திருந்தவளுக்குக் கிடைத்தது இதுதான்.

அவளிடம் வேறென்ன இருக்கிறது? சொத்தா, சுகமா, பிள்ளை குட்டியா? நேசிக்கிற ஒருவருக்காக அவள் செய்யத் தெரிந்தது ஜெபம் ஒன்றுதான். விடியற்காலையில் முழங்காலில் நின்று ஊரிலுள்ள தாயில் தொடங்கி, தேவாரக்கார விநாயகமூர்த்தி வரை பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டு வருவாள். இப்போது நடுவில் ஓரிடம் வரும்போது நின்றுவிடுகிறது. உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். நினைத்தாலே சொன்னதாகிவிடுமோ என்று அந்த நினைப்பையும் தள்ளிப் பார்க்கிறாள். அது போவதில்லை. சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறாள்.

மாலையில் செங்கல் வேலை விட்டு வரும் பெண்கள் தெருவில் கூட்டமாக வருவார்கள். தூரத்தில் கண்டதும் தங்கரத்தினம் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நிற்கிறாள். மாரியாயி கடந்து போன பிறகுதான் நடக்கிறாள். மற்றபடி ஊழியம் நடக்கிறது. புதிதாக ரவாங்கிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் நாயை அவிழ்த்துவிடுகிறார் என்று கேள்வி. அங்கேயும் போய்த் தண்ணீர் கேட்டிருக்கிறாள். ஆனால் பழைய உற்சாகம் இல்லை. ஏதாவது மனம்விட்டுச் சொல்ல வாயெடுக்கிறவர்களை, "வேண்டாம், எனக்குச் சொல்லாதையுங்கோ" என்று அவளே தடுத்துவிடுகிறாள்.

போன வெள்ளிக்கிழமையும் நேசம்மா வீட்டில் கூட்டம் நடந்தது. எல்லாரும் முழங்காலில் நின்று கண்ணை மூடியிருந்தார்கள். நேசம்மா தேன் வழியும் குரலில் வியாதியஸ்தருக்காக வேண்டினாள், வேலை போனவர்களுக்காக வேண்டினாள், கடல் பிரயாணிகளுக்காக வேண்டினாள். பிறகு நெஞ்சுருகிப் பெருமூச்சு விட்டு, "எங்கள் தெருவிலே பாடுபடுகிற அந்த ஏழைச் சகோதரி, ஆண்டவரே, மாரி..." என்று தொடங்கினாள்.

தங்கரத்தினத்தின் கண் திறந்தேயிருந்தது. முழங்காலாலேயே ஜமக்காளத்தைக் கடந்து போய், நேசம்மாவின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். ஜெபம் நின்றுபோயிற்று. மற்றப் பெண்கள் கண்ணைத் திறவாமல், ஆமென் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை.